காய்ச்சல் நாளும் கல்ட் படமும்: ஒரு சொல்லுக்கு விளக்கம்

டர்பனில் ஜூலை மாதக் குளிர் பெரிய குளிர் இல்லை. இருந்தாலும் எனக்குக் காய்ச்சல் வருவது அந்த மாதத்தில்தான். இந்த முறை ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. அலுவலகத்துக்குப் போன் செய்து சொல்லிவிட்டு, சாட்ஸ்வர்த் வீட்டின் முன்னறையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சோபாவில் படுத்தேன். தென்னாப்பிரிக்கத் தொழிலாளர் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு நாள் வரை உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருந்தால் பொதுவாக டாக்டர் சீட்டு தேவையில்லை. அந்த இரண்டு நாளில் ஐந்து படம் பார்த்தேன். ஐந்தும் அடுத்த வசனம் என்ன என்று எனக்கு முன்பே தெரிந்த படங்கள்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்த ஒரு மாணவியிடம், பழைய கல்ட் படங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். உடனே வாட்சப்பில் கேள்வி வந்தது. "அங்கிள், எல்லாரும் கல்ட் கல்ட்னு சொல்றாங்க. ரொம்பப் பழைய படமா, ரொம்ப நல்ல படமா, இல்ல யாருக்கும் புரியாத படமா?"

மூன்றும் இல்லை என்று பதில் போட்டேன். ஆனால் அது பதில் ஆகாது. அவள் குழம்பியதில் தவறே இல்லை, ஏனென்றால் பெரியவர்களே இந்தச் சொல்லைக் கண்டபடி பயன்படுத்துகிறார்கள். வெள்ளிக்கிழமை வெளியான படத்தை ஞாயிற்றுக்கிழமை கல்ட் என்று எழுதுகிறார்கள். நூறு நாள் ஓடிய ரஜினி படமும் கல்ட், நான்கு பேர் மட்டும் பார்த்த படமும் கல்ட், இயக்குநருக்கே விளங்காத படமும் கல்ட். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற சொல் எதையும் குறிக்காமல் போய்விடும். எனக்கு இது நல்ல சொல், வீணாகிவிடக் கூடாது என்ற அக்கறை உண்டு. அதனால் அந்தப் பெண்ணுக்கு முழுப் பதிலையும் இங்கே எழுதுகிறேன்.

பெரிய கோயிலும் குலதெய்வமும்

முதலில் சினிமாவை விட்டுவிடுவோம். ஈஸ்டர் விடுமுறையில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும், கால் வைக்க இடம் இருக்காது. தமிழர், தெலுங்கர், இந்தி பேசுகிறவர், மொழியே மறந்தவர் என்று எல்லாரும் வருவார்கள். அந்தக் கூட்டத்துக்கு விளக்கம் தேவையில்லை. பெயர்பெற்ற அம்மன், பெரிய திருவிழா, கூட்டம் வருகிறது.

இப்போது இன்னொரு வகைக் கோயிலை நினைத்துப் பாருங்கள். கரும்புத் தோட்டக் காலத்தில் யாரோ ஒரு பாட்டன் நட்டுவைத்த கல், மேலே ஒரு தகரக் கூரை. தெருவில் போகிறவர்களுக்கு அது கோயில் என்றே தெரியாது. ஆனால் அதைச் சேர்ந்த நாலைந்து குடும்பங்கள் ஆண்டுக்கொரு முறை ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து கிட்டத்தட்ட 570 கிலோமீட்டர் காரோட்டி வந்து பொங்கல் வைப்பார்கள். எந்த வேப்பிலையை எங்கே செருக வேண்டும், யார் முதலில் விளக்கேற்ற வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குள் எழுதாத ஒழுங்கு. வெளியாள் கேட்டால், "எங்க சாமி" என்று மட்டும் சொல்வார்கள்.

வெற்றிப் படம் முதல் வகைக் கோயில். கல்ட் படம் இரண்டாவது வகை. முதலாவதில் எத்தனை தலை வந்தது என்று எண்ணுகிறோம். இரண்டாவதில், அதே தலைகள் எவ்வளவு தூரத்திலிருந்து எத்தனை முறை வருகின்றன என்று பார்க்கிறோம்.

இந்த ஒப்புமை ஓர் இடத்தில் பொருந்தாது, அதையும் சொல்லிவிட வேண்டும். குலதெய்வம் பிறப்பால் வருவது. கல்ட் படத்தை நாமேதான் கண்டுபிடிக்கிறோம், பெரும்பாலும் தற்செயலாக. சுவீகாரம் எடுத்த குலதெய்வம் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

சொல்லின் வேர்

கோயில் ஒப்புமை என் கற்பனை மட்டும் அல்ல, சொல்லுக்குள்ளேயே அது இருக்கிறது. கல்ட் என்பது கல்டுஸ் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பயிரைப் பேணுதல், பராமரித்தல், வழிபடுதல் ஆகிய எல்லாம் அதன் பொருள். கல்ச்சர் என்ற சொல்லுக்கும் அதே வேர்தான். பிற்காலத்தில் ஒரு தலைவரைச் சுற்றி மூடிக்கொண்டு வாழும் குழுக்களுக்கும் ஆங்கிலத்தில் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதனால்தான் சிலருக்கு இந்தச் சொல்லைக் கேட்டாலே ஏதோ விபரீதம் போலத் தோன்றுகிறது. சினிமாவில் பழைய பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்: பேணுதல்.

சரி, இனி இலக்கணம். ஒரு படம் வெளியாகி, அதன் முதல் ஓட்டம் முடிந்து, ஊர் அதை மறந்த பிறகும் ஒரு கூட்டம் அதை விடாமல், பல ஆண்டுகள் திரும்பத் திரும்பப் பார்த்து, தங்களுக்குள் அதற்கென ஒரு பேச்சும் வழக்கமும் உண்டாக்கி உயிரோடு வைத்திருந்தால், அது கல்ட் படம்.

இந்த இலக்கணத்தில் படம் நல்லதா கெட்டதா என்ற பேச்சே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். கல்ட் என்பது படத்துக்குள் இருக்கும் குணம் அல்ல. படச்சுருளை எவ்வளவு உருட்டிப் பார்த்தாலும் அது கிடைக்காது. படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகு, ஆண்டுக்கணக்கில் பார்வையாளர்கள் செய்கிற காரியம் அது. அதனால்தான் போன வாரம் வந்த படத்தை யாராலும் கல்ட் என்று அறிவிக்க முடியாது. அது ஆகலாம், ஆகாமலும் போகலாம். பிறந்த குழந்தையைத் தாத்தா என்று கூப்பிட முடியாது இல்லையா?

இரண்டாவது கதவு

இப்போது உண்மையான இயக்கத்துக்கு வருவோம். மறந்துபோன படம் எப்படித் திரும்பி வருகிறது? என் கணிப்பில் எல்லாமே இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

வாரிக் அவென்யூ சந்தையில் காய் விற்பவர்களைப் பாருங்கள். காலையில் அடுக்கிய கீரை மாலைக்குள் போகவில்லை என்றால் அவ்வளவுதான், நாளைக்கு அதை யாரும் வாங்க மாட்டார்கள். திரையரங்கும் அப்படித்தான். முதல் வாரத்தில் கூட்டம் வரவில்லை என்றால் அடுத்த வெள்ளிக்கிழமை வேறு படம் வந்து உட்கார்ந்துவிடும். படம் மோசமா, போஸ்டர் மோசமா, அன்று மழையா, பக்கத்து அரங்கில் பெரிய நடிகர் படமா என்று யாரும் நின்று விசாரிப்பதில்லை. முதல் கதவு மூடிவிடும்.

கல்ட் படம் ஆவதற்கு இரண்டாவது கதவு ஒன்று திறக்க வேண்டும். அந்தக் கதவு காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

1970 டிசம்பரில் நியூயார்க்கின் எல்ஜின் திரையரங்கில் எல் தோப்போ என்ற விசித்திரமான படத்தை நள்ளிரவில் மட்டும் போட்டுப் பார்த்தார்கள். விளம்பரம் பெரிதாக இல்லை, வாய்ப்பேச்சிலேயே கூட்டம் சேர்ந்து அடுத்த ஆண்டு ஜூன் வரை ஓடியது. நள்ளிரவுக் காட்சி என்பதற்கு, வழக்கமான காட்சிகள் முடிந்தபின் வழக்கமல்லாத படங்களைப் போடுவது என்று பொருள். அரங்க உரிமையாளருக்கு எப்படியும் காலியாகக் கிடக்கும் இருக்கைகள், போட்டால் லாபம். ஆனால் அதில் எதிர்பாராத ஒரு நன்மை இருந்தது. இரவு பன்னிரண்டு மணிக்குப் படம் பார்க்க வருகிறவர் வேறு வேலை இல்லாமல் வருகிறவர் அல்ல, வந்தே ஆக வேண்டும் என்று வருகிறவர். அப்படி நூறு பேர் ஒரே அறையில் உட்கார்ந்தால் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்வார்கள். அடுத்த வாரமும் அதே முகங்கள். கூட்டம் பிறப்பது அங்கேதான்.

இன்னொரு கதவு சட்டத்தின் ஓட்டை வழியே திறந்தது. அமெரிக்காவில் 1946ஆம் ஆண்டு வந்த இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப் வெளியானபோது போட்ட பணத்தை எடுக்கவில்லை. 1974இல் அதன் காப்புரிமையைப் புதுப்பிக்கத் தவறிவிட்டார்கள். காப்புரிமை என்றால் ஒரு படைப்பைப் பிரதி எடுக்கவும் காட்டவும் உரியவருக்கு மட்டும் உள்ள உரிமை. அது போனதும் தொலைக்காட்சி நிலையங்கள் காசு கொடுக்காமல் ஒவ்வொரு டிசம்பரிலும் படத்தைப் போட ஆரம்பித்தன. இருபது ஆண்டுக்குள் அந்த நாட்டில் அது இல்லாமல் கிறிஸ்துமஸ் இல்லை என்றாகிவிட்டது. படத்தில் ஒரு பிரேம்கூட மாறவில்லை.

1968ஆம் ஆண்டின் நைட் ஆஃப் த லிவிங் டெட் கதையும் அதே மாதிரி. வெளியிடும் நேரத்தில் தலைப்பை மாற்றினார்கள், புதிய தலைப்பு அட்டையில் காப்புரிமை வாசகத்தைப் போட மறந்தார்கள். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த ஒரு வரி இல்லாததால் படம் பொதுச்சொத்து ஆனது. எடுத்தவர்களுக்கு அது பெரிய இழப்பு, அதை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தம்தான். ஆனால் யார் வேண்டுமானாலும் போடலாம் என்றானதால் படம் போகாத ஊர் இல்லை.

அப்புறம் வீடியோ. ஜப்பானில் 1975இல் பீட்டாமேக்ஸ், 1976இல் விஎச்எஸ் என்று கேசட்டுகள் வந்தன. அதுவரை ஒரு படத்தை எப்போது பார்க்கலாம் என்பதை அரங்கக்காரர் முடிவு செய்தார். இனி நாமே முடிவு செய்யலாம், நிறுத்தலாம், பிடித்த காட்சியைப் பின்னால் ஓட்டி மறுபடி பார்க்கலாம். 1982இல் பிளேடு ரன்னர் அரங்குகளில் எதிர்பார்த்த அளவு போகவில்லை. வீட்டு வீடியோவில்தான் அதற்கு ரசிகர்கள் சேர்ந்தார்கள். ஒவ்வொரு மூலையிலும் விவரம் நிறைந்த படம் அது, நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறவர்களுக்காகவே எடுத்தது போல.

தமிழில் இந்த வேலையைச் செய்தது தொலைக்காட்சி என்றே நான் நினைக்கிறேன். நமக்கு நள்ளிரவுக் காட்சி மரபு கிடையாது. ஆனால் ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு மொத்தக் குடும்பமும் கண் செருகப் படம் பார்க்கும் மரபு உண்டு. 2003 பொங்கலுக்கு வந்த அன்பே சிவம் அரங்குகளில் ஓடவில்லை. பிறகு தொலைக்காட்சியில் மறுபடி மறுபடி போட்டார்கள். வெள்ளத்தில் ரயிலும் விமானமும் நின்றுபோக, ஒட்டவே ஒட்டாத இரண்டு பேர் சேர்ந்து ஊர் திரும்பும் கதை. அதை முழுதாக முதலிலிருந்து பார்த்தவர்களைவிட, நடுவில் எங்கோ நுழைந்து எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டவர்கள் அதிகம் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான். இன்று அந்தப் படம் தோற்றது என்று சொன்னால் என் மாணவர்கள் நம்புவதில்லை.

இதுவரை சொன்னது: கல்ட் என்பது படத்தின் தரத்துக்குப் பெயர் இல்லை, அதைச் சுற்றி நீண்ட காலம் நடக்கும் பேணுதலுக்குப் பெயர். அந்தப் பேணுதல் தொடங்க, படம் மலிவாகவும் திரும்பத் திரும்பவும் கிடைக்கும் இரண்டாவது வழி ஒன்று வேண்டும்.

தோற்றால்தான் கல்ட் ஆகுமா?

அப்படி இல்லை. தோல்வி பெரும்பாலும் கூடவே வருகிறது, ஆனால் அது நிபந்தனை இல்லை. காசாபிளாங்கா 1940களில் நன்றாக ஓடிய படம், சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதும் வாங்கியது. அதற்கென்று தனிக் கூட்டம் உண்டானது வேறு இடத்தில், வேறு காலத்தில். 1950களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிராட்டில் என்ற சிறிய அரங்கில் மாணவர்கள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்து, நடிகரோடு சேர்ந்து வசனம் சொல்ல ஆரம்பித்தார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் முத்து. 1995இல் தமிழ்நாட்டில் அது வெற்றிப் படம், அங்கே அதை யாரும் கல்ட் என்று சொல்லத் தேவையில்லை. 1998இல் அதே படம் டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் ஓர் அரங்கில் வெளியாகி மாதக்கணக்கில் ஓடியது. அந்த ஜப்பானியர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் வந்தார்கள், மறுபடியும் வந்தார்கள், பாட்டுக்கு ஆடப் பழகினார்கள். ஒரே படம் ஓர் ஊரில் திருவிழாத் தெய்வமாகவும் இன்னோர் ஊரில் சுவீகாரக் குலதெய்வமாகவும் இருக்க முடியும்.

வெறுமனே தோற்றாலும் போதாது. தோற்ற படங்களில் ஆயிரத்தில் ஒன்றுக்குக்கூட இந்தப் பேறு கிடைப்பதில்லை. மற்றவை மறந்தே போகின்றன.

பிய்த்து எடுக்க முடிகிற படம்

அப்படியானால் எந்தப் படத்துக்குக் கிடைக்கிறது? இத்தாலியச் சிந்தனையாளர் உம்பர்த்தோ எக்கோ காசாபிளாங்காவை வைத்து இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அவர் கருத்தை என் சொற்களில் சொல்கிறேன். கல்ட் ஆகிற படைப்பைத் துண்டு துண்டாகப் பிய்த்து எடுக்க முடிய வேண்டும். மொத்தக் கதையோடு தொடர்பில்லாமலே ஒரு வரியை, ஒரு பாத்திரத்தை, ஒரு பார்வையைக் கையில் எடுத்துக்கொண்டு போகும்படி இருக்க வேண்டும். வழவழவென்று பொருத்து தெரியாமல் செய்த படத்தை ரசித்துவிட்டு எழுந்து போய்விடுகிறோம். அங்கங்கே பொருத்து தெரிகிற, கொஞ்சம் தள்ளாடுகிற படத்தில்தான் நாம் பிடித்துக்கொள்ள விளிம்பு கிடைக்கிறது.

முதல் முறை படித்தபோது எனக்கு இது மிகையாகத் தோன்றியது. தமிழர்கள் வடிவேலு காமெடியை வைத்துப் பேசிக்கொள்வதை யோசித்த பிறகு ஒப்புக்கொண்டேன். பிரெண்ட்ஸ் படம் வந்தது 2001இல். அதில் தலையில் சுத்தியல் விழும் காண்ட்ராக்டர் நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள் என்று 2019 மே மாதம் சமூக ஊடகத்தில் ஒரு கோரிக்கை பரவி, உலக அளவில் பேசப்பட்டது. அதைப் பகிர்ந்தவர்களில் பலருக்கு மொத்தக் கதையும் நினைவிருக்காது. தேவையும் இல்லை. படத்திலிருந்து நேசமணி மட்டும் தனியே எழுந்து நடந்து வந்துவிட்டார்.

1991 தீபாவளிக்குத் தளபதி வந்த அதே நாளில் வெளியான குணாவும் இப்படித்தான். தளபதி ஓடிய ஓட்டத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஆனால் அதிலிருந்து ஒரு குகையும் ஒரு பாட்டும் பிய்ந்து வந்தன. கொடைக்கானலில் டெவில்ஸ் கிச்சன் என்று இருந்த இடத்தின் பெயரே குணா குகை என்று மாறியது. 2024இல் மஞ்சும்மல் பாய்ஸ் என்ற மலையாளப் படம் அந்தக் குகையையும் அந்தப் பாட்டையும் உச்சக்கட்டத்தில் வைத்தபோது, அரங்கில் இருந்தவர்களில் பாதிப் பேர் குணா வந்தபோது பிறந்தே இருக்க மாட்டார்கள். அவர்களும் சேர்ந்து பாடினார்கள்.

சடங்கு

துண்டுகள் கைக்கு வந்ததும் கூட்டம் அவற்றை வைத்து ஏதாவது செய்ய ஆரம்பிக்கும். அதைச் சடங்கு என்றே சொல்லலாம்: பொருள் எல்லாருக்கும் தெரிந்த, எப்போதும் ஒரே மாதிரி செய்கிற செயல்.

ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ 1975இல் வந்து சரியாக ஓடவில்லை. 1976 ஏப்ரலில் நியூயார்க்கின் வேவர்லி அரங்கில் நள்ளிரவுக் காட்சியாகப் போட்டார்கள். திரையில் கல்யாணம் நடக்கும்போது பார்வையாளர்கள் அரிசி தூவினார்கள். மழை வந்தால் நீர்த்துப்பாக்கி அடித்தார்கள், செய்தித்தாளைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார்கள். பாத்திரங்களைப் போலவே உடுத்தி வந்து திரைக்கு முன்னால் நின்று நடித்தார்கள். அந்தப் படம் அதன்பிறகு ஏதாவது ஓர் ஊரில் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.

2003இல் த ரூம் என்ற படம் லாஸ் ஏஞ்சலஸில் இரண்டு வாரம் ஓடி சுமார் 1800 டாலர்தான் வசூலித்தது. எடுக்க ஆன செலவு 60 லட்சம் டாலர் என்று சொல்லப்படுகிறது. நடிப்பு, வசனம், கதை எல்லாமே பிசகிய படம். அதில் ஒரு வீட்டு மேசையில் காரணமே இல்லாமல் கரண்டிப் படம் ஒன்று சட்டம் போட்டு வைத்திருக்கும். அது திரையில் தெரியும்போதெல்லாம் பார்வையாளர்கள் பிளாஸ்டிக் கரண்டிகளை வீசுகிறார்கள். இதைக் கேலி என்று மட்டும் நினைக்கக் கூடாது. ஒருவர் தன் முழு மனத்தையும் போட்டு எடுத்து, அது கைகூடாமல் போன படம் அது. அந்த மனம் திரையில் தெரிகிறது. அதனால்தான் கூட்டம் இருபது ஆண்டாக வருகிறது. வேண்டுமென்றே மோசமாக எடுத்த படங்களை யாரும் இரண்டாவது முறை பார்ப்பதில்லை.

கூழ் ஊற்றும் நாளில் தெருவுக்குப் புதிதாக வந்தவர் எங்கே நிற்பது என்று தெரியாமல் விழிப்பார். பக்கத்தில் இருக்கும் ஓர் அம்மா சொம்பைக் கையில் கொடுத்து வரிசையில் சேர்த்துவிடுவார். கரண்டி வீசும் அரங்கிலும் அதுவே நடக்கிறது. முதல் முறை வருகிறவருக்குப் பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு கரண்டி கொடுப்பார்.

நம் நாட்டில்

தென்னாப்பிரிக்காவில் வாழ்கிறவர்களுக்கு இதை விளக்கப் பாதி வேலை மிச்சம், ஏனென்றால் ரோட்ரிகஸ் கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். அவர் பாடகர். 1970இல் அமெரிக்காவில் வெளியான அவருடைய கோல்ட் ஃபேக்ட் இசைத்தட்டு அங்கே விலை போகவில்லை. இங்கே அது கைக்குக் கை மாறிப் பரவியது. தொலைக்காட்சியே 1976இல்தான் வந்த நாடு இது. தணிக்கை இறுக்கம், வெளியுலகத் தொடர்பு குறைவு. அவர் மேடையிலேயே இறந்துவிட்டார் என்ற வதந்தியை ஒரு தலைமுறையே நம்பியது. 1998இல் அவர் உயிரோடு வந்து இங்கே மேடையேறினார். 2012இல் வந்த ஆவணப்படம் அந்தத் தேடலைச் சொல்லி அடுத்த ஆண்டு ஆஸ்கர் வாங்கியது. முதல் கதவு மூடியது, இரண்டாவது கதவு வேறொரு கண்டத்தில் திறந்தது, கூட்டம், வதந்தி, சடங்கு என்று நான் மேலே சொன்ன அத்தனையும் இந்த ஒரு கதையில் இருக்கின்றன.

தடை செய்தாலே படம் கல்ட் ஆகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அது தவறு என்பதற்கும் இங்கேயே சாட்சி இருக்கிறது. ஜோ புல்லட் என்ற படம் 1973இல் கறுப்பின நடிகர்களோடு எடுக்கப்பட்டு, சொவெட்டோவில் இரண்டு காட்சி முடிந்ததும் நிறவெறி அரசால் தடை செய்யப்பட்டது. அதன்பிறகு நாற்பது ஆண்டு யாருக்கும் கிடைக்கவில்லை. மீட்டெடுத்த பிரதியை 2014இல் டர்பன் திரைப்பட விழாவில் காட்டினார்கள். இடைப்பட்ட காலத்தில் அதைப் பேணப் பிரதியே இல்லை என்றால் கூட்டம் எங்கிருந்து வரும்? தடை செய்தும் திருட்டுத்தனமாகவாவது கிடைத்தால்தான் கல்ட் உண்டாகும். முற்றிலும் கிடைக்காமல் போனது பறிபோன படம். அதற்கு வேறு பெயர் வேண்டும், அதில் கோபப்பட வேண்டியது நிறைய இருக்கிறது.

நம் ஆட்களிடமும் இந்தப் பேணுதல் இருந்திருக்கிறது. 1939இல் டர்பனில் தொடங்கிய அவலான், பிறகு கிரே தெருவில் வந்த ஷாஜகான் போன்ற அரங்குகளில் பழைய தலைமுறை இந்தியப் படங்களைப் பார்த்தது. 1946இலேயே இந்தியா இந்த நாட்டோடு வணிகத்தை நிறுத்திவிட்டது, எனவே படம் வருவதே பெரிய விஷயம். என் பக்கத்து வீட்டு ஆயாவுக்கு எண்பது வயதுக்கு மேல். வீட்டில் பேசுவது ஆங்கிலம், தமிழ் துண்டு துண்டாகத்தான் வரும். ஆனால் ஒரு பழைய சிவாஜி படத்தின் நீண்ட வசனத்தை மூச்சு விடாமல் சொல்வார். அதில் பாதிச் சொற்களுக்கு அவருக்குப் பொருள் தெரியாது. பள்ளிப் பருவத்தில் ஒரே படத்துக்கு ஆறேழு முறை போனதாகச் சொல்கிறார்.

சுருக்கமாக: திரும்பக் கிடைக்க வேண்டும், பிய்த்து எடுக்க முடிய வேண்டும், பிய்த்ததை வைத்து ஒரு கூட்டம் ஏதாவது செய்ய வேண்டும். இந்த மூன்றும் நீண்ட காலம் நடந்தால் அது கல்ட்.

காய்ச்சலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

உடம்பு சரியில்லாத நாளில் புதுப்படம் பார்க்க முயன்று பாருங்கள். பத்து நிமிடத்தில் யார் யாருக்கு அண்ணன் என்பதே மறந்துவிடும். அது சோம்பல் இல்லை. கிருமியோடு போராடும்போது நம் எதிர்ப்பு மண்டலம் சைட்டோகைன் என்ற தூது மூலக்கூறுகளை விடுகிறது. அவை மூளைக்குச் செய்தி அனுப்பிப் பசியை, சுறுசுறுப்பை, வெளியில் போய்ப் பழகும் ஆசையைக் குறைக்கின்றன. இருக்கிற சக்தி முழுவதும் குணமாவதற்கே போகட்டும் என்று உடம்பு எடுக்கும் முடிவு அது. இந்த நிலைக்கு நோய்க்கால நடத்தை என்று பெயர். அப்போது நமக்குத் தெரிந்த குரலும் தெரிந்த முகமும் போதும் என்றிருக்கும்.

தெரிந்த படம் ஏன் இதமாக இருக்கிறது என்பதற்கும் விளக்கம் உண்டு. 1968இல் ராபர்ட் ஸயன்ஸ் என்ற உளவியலாளர், அர்த்தம் தெரியாத சொற்களையும் எழுத்துகளையும் சிலவற்றை அதிக முறையும் சிலவற்றைக் குறைந்த முறையும் ஆட்களுக்குக் காட்டினார். அதிக முறை பார்த்தவையே அவர்களுக்கு அதிகம் பிடித்தன. இதைப் பரிச்சய விளைவு என்று சொல்லலாம்: வேறு காரணமே இல்லாமல், பழகியதாலேயே ஒன்று பிடித்துப்போவது. அதோடு, மூளைக்கு எது சிரமமில்லாமல் விளங்குகிறதோ அது இனிமையாகவும் தோன்றுகிறது. நடுவில் இருபது நிமிடம் தூங்கி எழுந்தாலும் தெரிந்த கதை உங்களுக்காகக் காத்திருக்கும்.

ஆனால் இது மட்டும் இருந்தால் எந்த விளம்பரமும் கல்ட் ஆகிவிடும். அளவு மீறிப் பழகினால் சலிப்பும் வரும். கல்ட் படம் சலிக்காமல் இருப்பதற்குக் காரணம் நாம் முன்பு பார்த்த விளிம்புகள்தான். ஐந்தாவது முறை கதையைப் பார்ப்பதில்லை, பின்னணியில் நிற்கும் ஆளைப் பார்க்கிறோம். பலருக்கும் முதல் கல்ட் படம் கிடைத்தது பள்ளிக்குப் போகாமல் காய்ச்சலோடு கிடந்த ஒரு மதியத்தில்தான் என்பது என் அனுபவம். நாமாகத் தேர்ந்தெடுக்க மாட்டோம், எழுந்து மாற்றவும் தெம்பு இருக்காது, ஓடுகிறதைப் பார்ப்போம். அந்த நேரத்தில் வந்து ஒட்டிக்கொண்ட படம் அப்புறம் போவதில்லை.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு

மாணவிக்கு நான் சொன்ன யோசனை இவ்வளவுதான். உலகம் கொண்டாடும் கல்ட் பட்டியலைத் தேடி ஒவ்வொன்றாக முடிக்க வேண்டாம், அது வீட்டுப்பாடம். உன் வீட்டில் யாராவது ஒருவர் வசனம் மாறாமல் சொல்லும் படம் எது என்று கேள். அதை அவர்களோடு உட்கார்ந்து பார். அவர்கள் எந்த இடத்தில் முன்கூட்டியே சிரிக்கிறார்கள் என்று கவனி. தமிழில் என்றால் அன்பே சிவத்தில் தொடங்கலாம், காய்ச்சல் நாளுக்கு ஏற்ற வேகம் அதற்கு உண்டு. ஆரண்ய காண்டம் போன்ற ரத்தம் தெறிக்கிற படங்களை உடம்பு தேறிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

புதன்கிழமை மதியம் ஆயா மிளகுத்தண்ணி கொண்டுவந்தார். சொம்பை மேசையில் வைத்துவிட்டுப் போகாமல் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். அன்பே சிவம் ஓடிக்கொண்டிருந்தது, ரயில் நிலையத்தில் இருவரும் சண்டை போடுகிறார்கள். "யாருப்பா இவங்க?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். காட்சி முடிந்ததும் என் கையிலிருந்த ரிமோட்டைக் காட்டி, "அத இன்னொரு தரம் போடு" என்றார்.